ரேயாவின் மூட்டை

ஸ்மிர்னா
பூகாத்தியோஸ் மாதம், பன்னிரண்டாம் நாள்

திமோவுக்கு பிராக்ஸியாஸ் எழுதுவது.

நான் சுகம். டெல்ஃபியில் நீயும் நம் பெண்கள் மிர்தோ, லைசா இருவரும் டாமோன் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று அப்பல்லோவிடம் கேட்டுக்கொண்டுதான் தினமும் வேலையைத் தொடங்குகிறேன். எனக்குக் கல்லோடு மட்டும்தான் பேசத் தெரியும் என்று நீ குத்திக்காட்டுவாய் அல்லவா, இங்கே வந்த நான்கு மாதத்தில் அது உண்மையாகவே ஆகிவிட்டது. விடிந்தால் தரையில் குந்தி உட்கார்ந்து சிறு சிறு கல்லாகப் பதித்துக்கொண்டிருக்கிறேன். முழங்கால் என்னுடையதா வேறு யாருடையதா என்றே தெரியவில்லை.

கப்பல் முதலாளி பொல்லியானோஸுக்கு விருந்து மண்டபத் தரை முழுக்க உலகம் பிறந்த கதை வேண்டுமாம். வாசற்படியில் தொடங்கி, அவர் சாய்ந்து சாப்பிடும் கட்டிலின் காலடியில் ஸியூஸ் அரியணை ஏறுவதோடு முடிய வேண்டும். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வாசற்படியிலேயே மாட்டிக்கொண்டேன். முதலில் இருந்தது காவோஸ். அதாவது ஒன்றுமே இல்லை, வெறும் திறப்பு. அதற்குப் பிறகுதான் பூமித்தாய் கையாவே வருகிறாள். ஒன்றுமில்லாததைக் கல்லில் எப்படிப் பதிப்பது? கறுப்புக் கல்லாக நிரப்பிப் பார்த்தேன். பொல்லியானோஸ் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா இது, கரி மூட்டை கொட்டிப்போன மாதிரி கெடக்கு? வர்றவன் காலைத் தொடைச்சுட்டு வரணும்னு நினைப்பான்!”

எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தேன். ஆனாலும் திமோ, எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் ஒன்றுமில்லை என்பதிலிருந்து கதையைத் தொடங்கத் துணிந்தாரே, அவரை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. நானாக இருந்தால் ஒரு மலையிலிருந்தாவது தொடங்கியிருப்பேன்.

உன்னிடம் ஓர் உதவி. ஸியூஸ் பிறந்தபோது ரேயா துணியில் சுற்றிக் கொடுக்க, அவள் புருஷன் குரோனோஸ் பிள்ளையென்று நினைத்து விழுங்கிப் பின்பு கக்கிய நம் கோயில் கல்லுக்கு உன் பிறந்த வீட்டார்தான் தினமும் எண்ணெய் ஊற்றுகிறீர்கள். நூறு முறை பார்த்திருக்கிறேன், கண்ணை மூடினால் எண்ணெய் மினுமினுப்பு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. எவ்வளவு பெரிது, என்ன நிறம், திருநாளில் நூற்காத கம்பளியை எப்படிப் போர்த்துகிறீர்கள் என்று விவரமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கிளம்பும்போது சொன்னதுதான். பையன் என்றால் வளர்க்கலாம். பெண் என்றால் ஊருக்கு வெளியே மேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிட அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

பிராக்ஸியாஸ்


டெல்ஃபி
போவாதோஸ் மாதம், ஒன்பதாம் நாள்

என் கணவர் பிராக்ஸியாஸுக்குத் திமோ எழுதுவது.

உங்கள் கடிதம் கிர்ரா துறையிலிருந்து கோவேறு கழுதை மேல் ஏறி வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். கோயில் கல்லைப் பற்றி எத்தனையோ கேள்வி. என் வயிற்றில் இருப்பதைப் பற்றி, கடைசியில், போகிற போக்கில் கொஞ்சம். உங்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கல் பெரியதல்ல. நல்ல பலசாலி ஒருவர் மூச்சைப் பிடித்தால் தூக்கலாம். சாம்பல் நிறம். எங்கள் அப்பாவின் அப்பா காலத்திலிருந்து எண்ணெய் குடித்துக் குடித்து, பழுத்த ஆலிவ் மாதிரி கறுத்துவிட்டது. திருநாளில் கம்பளியை மேலே வைத்து, பிள்ளைக்குக் காது மூடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்துவிடுவோம். காற்றில் பறக்காமல் இருக்க எண்ணெயே போதும், ஒட்டிக்கொள்ளும். நிறைமாதமாகியும் இன்னும் நான்தான் எண்ணெய்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். அப்பாவுக்கு இடுப்பு வலி.

காவோஸ் விஷயம். நீங்கள் இருட்டைப் பதித்திருக்கிறீர்கள். காவோஸ் இருட்டு இல்லையே. இருட்டு அதற்குப் பிறகு பிறந்ததுதானே? நம் கஸ்தாலியா ஊற்றுக்கு மேலே இரண்டு பாறைக்கும் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். அங்கே ஒன்றும் இல்லை, ஆனால் ஏதோ வரப்போகிறது என்று இருக்கும். அதைச் செய்யுங்கள். கல்லை மாற்றாதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கிக்கொண்டே போங்கள்.

மற்றக் கட்டங்களை நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு இந்தக் கதை மேல் அவ்வளவு ஆசை. கையாவை நினைத்துப் பாருங்கள், துணைக்கு ஒருவரும் இல்லாமல் தனியாகவே வானத்தைப் பெற்றெடுத்தாள். தன்னை முழுக்கப் போர்த்துகிற அளவுக்கு அவனைப் பெரிதாக வளர்த்தாள். அவன் என்ன செய்தான்? பிறந்த பிள்ளைகளை வெளிச்சம் பார்க்க விடாமல் அவள் வயிற்றுக்குள்ளேயே திரும்பத் தள்ளினான். அவன் மகன் குரோனோஸ் அப்பனை வீழ்த்தினான், பிறகு தன் பிள்ளைகளை விழுங்கினான். அவன் மகன் ஸியூஸ் அவனை வீழ்த்தினான், பிறகு பிள்ளைத்தாய்ச்சியான தன் மனைவி மேதிஸையே விழுங்கினான். மூன்று தலைமுறை, பிள்ளை தன்னை வீழ்த்திவிடும் என்ற ஒரே பயம். இத்தனை பெரிய தெய்வங்களின் பயத்தை மறைக்காமல் சொன்னார்களே, அதனால்தான் இந்தக் கதையை நான் கும்பிடுகிறேன்.

கடைசியில் ஸியூஸின் தலையைப் பிளந்துகொண்டு வந்தது யார்? பெண். அவருக்கு இன்றுவரை செல்லப்பிள்ளையும் அவள்தான். உங்கள் தரையில் அதீனாவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா, இல்லை அவளையும் மேட்டில் வைத்துவிடச் சொல்வீர்களா?

திமோ


ஸ்மிர்னா
ஹெராயோஸ் மாதம், நான்காம் நாள்

திமோவுக்கு பிராக்ஸியாஸ் எழுதுவது.

நீ சொன்னபடியே செய்தேன். வாசலிலிருந்து உள்ளே போகப் போகக் கற்களை விலக்கி விலக்கிப் பதித்தேன். நடுவில் இரண்டு கை அகலத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு மட்டும். பொல்லியானோஸின் மனைவி அதன் மேல் கால் வைக்கப் போனவள், சட்டென்று அங்கியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினாள். “ஐயோ, விழுந்துடுவேன் போல இருக்கு!” என்றாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்ததும் முதலாளியும் சிரித்தார். இது என் மனைவி சொன்ன யோசனை என்று எல்லாரிடமும் சொன்னேன். பெருமைக்குத்தான் சொன்னேன், மறைப்பானேன்.

என்னோடு வேலை செய்யும் ஹெர்மியாஸ் பெர்கமோன்காரர், தலை நரைத்தவர், ஏழு பிள்ளைக்காரர். “அந்தம்மாவை இங்க அனுப்பிட்டு நீ ஊருக்குப் போய் எண்ணெய் ஊத்துப்பா” என்று ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்கிறார்.

கையா முடிந்துவிட்டாள். மார்பு வரை மண்ணுக்குள் இருக்கிறாள், தோளும் தலையும் மட்டும் வெளியே. அவளுக்குக் காவி நிறக் கல்லாகத் தேடித் தேடிப் பொறுக்கினேன். வானம் அவள் மேல் கவிந்திருக்கிறது. இனிக் குரோனோஸ்.

நீ எழுதியது எல்லாம் சரி. கதையைக் கேட்டு எனக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் கதை வேறு, வீடு வேறு. ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூன்றாவதையும் கட்டிக்கொடுக்க என்னால் ஆகாது. ஊரில் செய்யாததையா நான் செய்யச் சொல்கிறேன்? எதிர் வீட்டில் செய்யவில்லையா? தகப்பன் கையில் ஏந்தி அடுப்பைச் சுற்றி வந்தால்தான் அது வீட்டுப் பிள்ளை. அதுவரை அதற்குப் பெயரும் இல்லை. இதைப் பற்றி இனிமேல் எழுதாதே. எழுதினால் எனக்கு வேலை ஓடுவதில்லை.

இன்னும் கொஞ்ச நாளில் குளிர்காலத்துக்குக் கடல் மூடிவிடும், கப்பல் ஓடாது. எழுதுவதாக இருந்தால் சீக்கிரம் எழுது.

பிராக்ஸியாஸ்


டெல்ஃபி
ஹெராயோஸ் மாதம், இருபத்தாறாம் நாள்

என் கணவருக்குத் திமோ எழுதுவது.

கடைசிக் கப்பல் கிளம்பும் முன் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், எனக்கு இன்னும் உடம்பில் தெம்பு வரவில்லை.

பதினெட்டாம் நாள் காலையில் பெண் பிறந்தாள்.

துணி வெளுக்கும் ஹெராயிஸ்தான் கூட இருந்தாள். அவளுக்குப் போன மாதம் பிள்ளை பிறந்து மூன்றாம் நாளே தவறிவிட்டது, உங்களுக்குத் தெரியாது. பையன் என்றால் ஆலிவ் வளையம், பெண் என்றால் கம்பளி என்று வாசலில் தொங்கவிடுவோமே, நாங்கள் எதையும் தொங்கவிடவில்லை. அதைப் பார்த்தே தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டாமோன் அத்தான் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“என்னம்மா, பொண்ணா?”

“ஆமா அத்தான்.”

“தம்பி சொல்லிட்டுப் போனது உனக்கும் தெரியும்.” தரையைப் பார்த்தபடியே இரண்டு கையையும் நீட்டினார். “சுத்திக் குடு. சீக்கிரம் குடு, திமோ. என்னையும் ரொம்ப நேரம் நிக்க வைக்காத.”

நான் சுற்றிக் கொடுத்தேன். சுற்றியது கல்லை.

முதல் நாளே ஹெராயிஸின் துவைக்கிற இடத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பையன் பிறந்திருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும். அதை எடுத்து மடியில் வைத்ததும் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் இருந்த குடுவையை எடுத்து அதன் மேல் எண்ணெய் ஊற்றிவிட்டேன்! பழக்க தோஷம். ஹெராயிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். “அடி பாவி, பூசை பண்றியா?” துடைக்க நேரமில்லை. நூற்காத கம்பளியை மேலே போட்டு, காதை மூடுகிற மாதிரி இழுத்து, துணியால் கட்டிக் கொடுத்துவிட்டேன். தெருவே வேடிக்கை பார்க்க அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார். பார்த்தவர்கள், மேட்டில் உட்கார்ந்து அவர் அழுதார் என்று சொன்னார்கள். எனக்கு அது கேட்கக் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை.

பிள்ளை ஹெராயிஸ் வீட்டில் இருக்கிறாள். அவளிடம் பால் இருக்கிறது. குட்டி ஸியூஸின் அழுகை வெளியே கேட்காமல் இருக்கக் காவல் வீரர்கள் கேடயத்தைத் தட்டினார்களாம். இங்கே ஹெராயிஸும் அவள் புருஷனும் நாள் முழுக்கத் துணியை அடிக்கிறார்கள். பிள்ளை எவ்வளவு கத்தினாலும் தெருவுக்குக் கேட்பதில்லை. பெயர் இல்லாததால் அவளை மூட்டை என்று கூப்பிடுகிறார்கள்.

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஹெராயிஸும் சொல்லாதே என்றுதான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ரேயாவை என் உயிருக்கு உயிராக நினைக்கிறேன். ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் ஆறாவதுக்கு ஒரு வழி யோசித்தாளே, அந்த மனம் யாருக்கு வரும்! ஆனால் அவள் புருஷனிடம் சொல்லவே இல்லை. பிள்ளை ஒளிந்து வளர்ந்தான், அப்பனைப் பகைவனாகவே தெரிந்துகொண்டான், ஒரு நாள் வந்து சண்டை போட்டான். பத்து வருஷம் வானமும் பூமியும் எரிந்தன. எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். இந்தப் பெண் உங்களுக்குப் பயந்து ஒளிந்து வளர வேண்டாம். ஊரை ஏமாற்றினேன், அத்தானை ஏமாற்றினேன். உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அத்தானுக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் போதும், அவள் இருக்க மாட்டாள். அது உங்கள் கையில் இருக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

திமோ


ஸ்மிர்னா
தைதாஃபோரியோஸ் மாதம், இருபதாம் நாள்

திமோ,

கடைசிக் கப்பலில் உன் கடிதம் வந்தது. கடல் மூடிவிட்டது. இது குளிர்காலம் போய் முதல் கப்பல் கிளம்பும்போதுதான் வரும். இருந்தாலும் இன்றே எழுதுகிறேன், இல்லையென்றால் என் தலை வெடித்துவிடும்.

என் அண்ணனைத் தெரு நடுவில் முட்டாளாக்கியிருக்கிறாய். கல்லைச் சுமந்துகொண்டு மலை ஏற வைத்திருக்கிறாய். அதுவும் போதாதென்று என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கிறாய். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டு, உன் கையில் இருக்கிறது என்கிறாய். இதற்குப் பெயர் உண்மை பேசுவதா?

டாமோன் அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். இரண்டும் ஒரே கப்பலில் வரும்.


அமாலியோஸ் மாதம், எட்டாம் நாள்

இதே தாளில் தொடர்கிறேன். கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், அப்படியே சொல்கிறேன்.

குரோனோஸிடம் ரேயா மூட்டையை நீட்டும் கட்டம். துணி மடிப்பு எப்படி விழும் என்று பார்த்து வரைய வேண்டும். தோட்டத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கம்பளியில் சுற்றி ஹெர்மியாஸிடம் கொடுத்து, “அண்ணே, கொஞ்சம் ரேயாவா நில்லுங்க” என்றேன். வாங்கியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏம்ப்பா, இதைப் பிள்ளைன்னு எவன் நம்புவான்? பிள்ளைன்னா கையில கொழகொழன்னு வழியும். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மீனைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும். இது தேமேன்னு கெடக்கு. குரோனோஸ் தொட்ட ஒடனே தூக்கி அவ மேலயே போட்டிருக்க மாட்டானா?”

“குடுங்க” என்று நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, திமோ. பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஹெர்மியாஸ் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார். “உனக்கு எத்தனை பிள்ளைன்னு சொன்ன?” என்று கேட்டார். இரண்டு என்றேன். அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு கல்லுடைக்கப் போய்விட்டார்.

மிர்தோவையும் லைசாவையும் அடுப்பைச் சுற்றித் தூக்கி வந்திருக்கிறேன், அது நினைவிருக்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று வேகமாகச் சுற்றினேன், உன் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான். அந்த இரண்டு முறையும் கையில் எப்படி இருந்தது என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். எதுவும் வரவில்லை. குரோனோஸ் ஏன் ஏமாந்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஐந்து பிள்ளைகளை விழுங்கியவன், ஒன்றைக்கூட ஏந்தியதில்லை. இந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. அவன் முட்டாள் என்று ஓரிடத்திலும் சொல்லாமல், ஒரு கல்லைக் கையில் கொடுத்தே காட்டிவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட மனிதர்கள்!

அண்ணனுக்கு எழுதிய தாளைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் ரேயாவின் கைகளை வரைந்தேன். மேலே சுண்ணாம்பு சிந்திவிட்டது. இனி அதை யாரும் படிக்க முடியாது.


பீசியோஸ் மாதம், இருபத்திரண்டாம் நாள்

முதல் கப்பலுக்குப் பாய் கட்டுகிறார்கள். முடித்துவிடுகிறேன்.

குரோனோஸைப் பதித்தாகிவிட்டது. வாயைப் பிளந்து விழுங்குகிற மாதிரி வேண்டும் என்றார் பொல்லியானோஸ். நான் வாயை மூடியே வைத்தேன். மூட்டையின் கழுத்தை ஒரு கையால், தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற மாதிரி பிடித்திருக்கிறான். முதலாளியம்மா பார்த்தவுடனே, “இவனுக்குப் பிள்ளை தூக்கவே தெரியலையே!” என்றாள். அருகில் நின்ற பணிப்பெண்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலாளிக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. அவருக்கு நான்கு பையன்கள்.

அதீனாவுக்கும் இடம் ஒதுக்கிவிட்டேன். ஸியூஸுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில்.

இனி முக்கியமானது. டாமோன் அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள். நான்கையும் தோளில் போட்டுத் தூங்கவைத்தவர் அவர். அர்கிப்பா அண்ணி காய்ச்சலில் கிடந்தபோது கடைசிப் பையனை இரண்டு மாதம் அவர்தான் தூக்கிக்கொண்டு திரிந்தார், நானே கேலி செய்திருக்கிறேன். அவருக்கா கல்லுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது? திமோ, அவருக்கு உன் வாசலிலேயே தெரிந்திருக்கும். போய்க் கேட்டுப் பார்.

அவளை அடுப்பைச் சுற்றித் தூக்கிவர வேறு யாரையும் விடாதே. நான் வருகிறேன். தரையை மெருகேற்றும் வேலை மட்டும்தான் பாக்கி. நீ என்னிடம் சொன்னதற்கு உன்னைத் திட்டினேன். இப்போது நினைத்தால், என்னை நம்பி ஒருவர் இவ்வளவு பெரியதை என் கையில் கொடுத்தது இதுவே முதல் முறை.

பிராக்ஸியாஸ்


டெல்ஃபி
தியோக்ஸேனியோஸ் மாதம், பதினேழாம் நாள்

என் பிராக்ஸியாஸுக்குத் திமோ எழுதுவது.

உங்கள் கடிதத்தின் முதல் பகுதியைப் படித்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தானுக்கும் கடிதம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மீதியைப் படிக்காமலே ஹெராயிஸ் வீட்டுக்கு ஓடிப் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். ஹெராயிஸ்தான் தாளைப் பிடுங்கி, “இன்னும் எழுதியிருக்குடி, பைத்தியமே! முழுசாப் படிச்சுத் தொலை” என்று அதட்டினாள். மீதியைப் படித்தேன். அவளுக்கும் படித்துக் காட்டினேன். இருவரும் துவைக்கிற தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதோம். இனிமேல் இப்படித் துண்டு துண்டாக எழுதாதீர்கள், எனக்கு ஆயுசு குறைகிறது.

பிறகு டாமோன் அத்தானைத் தேடிப் போனேன். ஆலிவ் தோப்பில் கிளை கழித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். “எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நீயே படி” என்றார். அவரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கிளை கழிப்பதை நிறுத்தவே இல்லை. வெட்டிக்கொண்டே சொன்னார்.

“முப்பது அடி போறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. பொறந்த அன்னிக்கே கழுத்து நின்ன பிள்ளைய நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அப்புறம் அந்த எண்ணெய்! சட்டையெல்லாம் நாசம். உன் பொறந்த வீட்டு ஆளுங்களுக்குக் கல்லைக் கண்டா கை சும்மா இருக்காதா?”

“தெரிஞ்சும் ஏன் அத்தான் சொல்லல?”

“யார்கிட்டம்மா சொல்றது? தெருவே நின்னு பாக்குது. திரும்பி வந்து இது கல்லுன்னு சொன்னா, உள்ள இருக்கிறதத் தூக்கிட்டுப் போகணும். நான் அழுதேன்னு வேற பேசிக்கிட்டாங்களாமே? அழல. கல்லு என்ன கனம்! மூச்சு வாங்குச்சு, உக்காந்தேன்.”

அரிவாளை மரத்தில் செருகிவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி சொன்ன அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும் திமோ. வாய் வரல. உன் வாசல்ல வந்து நின்னப்ப, இது நம்ம கையால நடக்கப்போகுதேன்னு எனக்கு உயிரே இல்ல. நீ குடுத்தது கல்லுன்னு தெரிஞ்சதும் அப்பல்லோ கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். நீ உன் பிள்ளைய மட்டும் காப்பாத்தல.” இதைச் சொல்லும்போது நிஜமாகவே அழுதார். அன்று மேட்டில் வராத கண்ணீர் இப்போது வந்தது.

இவரையா ஏமாற்றினேன் என்று ஐந்து மாதம் இவர் முகத்தைப் பார்க்கக் கூசிக் கிடந்தேன்! அர்கிப்பா அக்காவுக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். வெளுத்த துணியையே திரும்பத் திரும்ப வெளுக்கக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாளே, எதற்கு என்று ஹெராயிஸ் தலையைப் பிய்த்துக்கொண்டாள். பிள்ளையைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டாமா? கதையில் ரேயாவுக்குத் துணை கையா மட்டும்தான். எனக்கு ஒரு குடும்பமே ஊமையாகத் துணை நின்றிருக்கிறது. இவர்களைப் பற்றி யாராவது தரையில் பதித்தால் தேவலை.

நேற்றுப் பகலில், எல்லாரும் வாசலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன். முகத்தை மூடவில்லை. அத்தான் எனக்கு முன்னால் நடந்தார். தன் பெண்ணை மேட்டுக்குக் கொடுத்த எதிர் வீட்டுக்காரி, “இது யார் பிள்ளை?” என்று கேட்டாள். “எங்க பிள்ளைதான். குரோனோஸே விழுங்கினதத் திருப்பிக் குடுத்தான், நாங்க குடுக்க மாட்டமா?” என்றார் அத்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அவள் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு கை அத்திப்பழம் கொண்டுவந்து பிள்ளையின் மடியில் வைத்தாள்.

இன்று வாசலில் கம்பளி தொங்கவிட்டிருக்கிறேன். மிர்தோவும் லைசாவும் அவளை இழுத்து இழுத்துப் பங்கு போடுகிறார்கள். பெயர் வைக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். அப்பா வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அத்தான், நானே அடுப்பைச் சுற்றித் தூக்கி வரட்டுமா என்று ஆசையாகக் கேட்டார். உங்களுக்காக அவரிடமும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மெருகேற்றும் வேலையை ஹெர்மியாஸ் அண்ணனிடம் விட்டுவிட்டு அடுத்த கப்பலிலேயே ஏறுங்கள். அவள் குப்புற விழுந்து, வயிற்றால் நகர்ந்து அடுப்புப் பக்கம் போகப் பார்க்கிறாள், பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அவளே தவழ்ந்து அடுப்பைச் சுற்றி வந்துவிடுவாள். அப்புறம் நாமெல்லாம் இந்த வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று நீங்கள்தான் அவளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திமோ